செஸ்டர் ஹைம்ஸுக்கு, கடன்பட்டவன் எழுதுவது

அன்புள்ள செஸ்டர் ஹைம்ஸ் அவர்களுக்கு,

நானும் குற்றக்கதை எழுதிப் பிழைப்பவன்தான். தமிழில் மாத நாவல் என்று ஒன்று உண்டு. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வார இதழ்களுக்கு நடுவே கிளிப் மாட்டித் தொங்கும். மாதம் பிறப்பதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்; கொடுத்தால்தான் வீட்டு வாடகை. இந்த எழுத்துக்கும் இலக்கியத்துக்கும் நடுவே பெரிய மதில் இருப்பதாக எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அந்த மதிலை நீங்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. காசு கொடுத்துக் கேட்டு வாங்கிய துப்பறியும் கதைக்குள், வேறெங்கும் சொல்ல விடாத உங்கள் முழுக் கோபத்தையும் முழுச் சிரிப்பையும் கொண்டுபோய் வைத்தீர்கள். 1984 நவம்பரில் ஸ்பெயினின் மொரைராவில் நீங்கள் கண்மூடியபோது உங்கள் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதனால் நேரில் சொல்ல வாய்க்காத நன்றியை இப்படி எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹைம்ஸ் ஐயா, உங்கள் அண்ணன் ஜோசப்பை எனக்குக் காட்டினீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பைன் பிளஃபில் உங்கள் அப்பா கறுப்பினக் கல்லூரி ஒன்றில் பட்டறைத் தொழில் கற்றுக்கொடுத்து வந்தார். விழா மேடையில் வெடிமருந்து கலந்து காட்டும் செய்முறையை நீங்களும் அண்ணனும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. ஏதோ குறும்பு செய்தீர்கள் என்று அம்மா உங்களை மேடையேற விடவில்லை. அண்ணன் தனியாகச் செய்தார். கலவை முகத்திலேயே வெடித்தது. பார்வை போய்க்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெள்ளையர் மருத்துவமனை வாசலுக்குப் போனால், உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். கார் விளக்கு வெளிச்சத்தில் அப்பா கெஞ்சுவதையும், அழுதபடி திரும்பி வருவதையும் பின்னிருக்கையிலிருந்து பார்க்கிறீர்கள். அம்மா கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடுகிறார். துப்பாக்கியைத்தான் தேடுகிறார் என்று இருந்துவிடக் கூடாதா என அந்தச் சிறுவன் ஏங்குகிறான். 1972-ல் வந்த ‘த குவாலிட்டி ஆஃப் ஹர்ட்’ என்ற தன்வரலாற்றில் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு உங்கள் நாவல்களில் யார் துப்பாக்கியை உருவினாலும் எனக்கு அந்தக் கைப்பைதான் நினைவுக்கு வருகிறது. குற்றக்கதையில் ஆயுதம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, தடயவியல் புத்தகம் எதிலும் கிடைக்காத விடை அது.

ஹைம்ஸ் ஐயா, சிறைக்குப் போனதை நீங்கள் மறைக்கவும் இல்லை, பதக்கமாக மாட்டிக்கொள்ளவும் இல்லை. அந்த நேர்மைக்கும் கடன்பட்டிருக்கிறேன். கிளீவ்லாந்தில் ஹோட்டல் வேலை பார்த்தபோது லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. சூதாட்ட விடுதிகளில் பழக்கம் ஏற்பட்டது. 1928-ன் இறுதியில் வசதியான ஒரு தம்பதியின் வீட்டில் துப்பாக்கி முனையில் கொள்ளையடித்தீர்கள். நகைகளை விற்கச் சிகாகோ போன இடத்தில் பிடித்து, கணுக்காலில் விலங்கு மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒப்புக்கொள்ளும்வரை அடித்தார்கள். 20 முதல் 25 ஆண்டு வரை கடுங்காவல் என்று தீர்ப்பானது. உங்களுக்கு அப்போது 19 வயது. ‘செய்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘செய்ய வைத்தார்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளவே இல்லை. அதனால்தான் பிறகு நீங்கள் காட்டிய சமூகத்தின் குற்றங்களை என்னால் மறுபேச்சில்லாமல் நம்ப முடிந்தது.

ஹைம்ஸ் ஐயா, 1930 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள், ஓஹையோ மத்தியச் சிறை எரிந்தது. பூட்டிய கொட்டடிகளுக்குள் புகையில் திணறியும் வெந்தும் 322 பேர் செத்தார்கள். நீங்கள் அந்த மதிலுக்குள்தான் இருந்தீர்கள். சூதாடி வென்ற காசில் தட்டச்சுப்பொறி வாங்கினீர்கள், பிளாக் மாஸ்க் இதழ்களைப் படித்துப் படித்துக் கதை பழகினீர்கள். 1934-ல் எஸ்குவயர் இதழ் உங்களை வெளியிட்டது. அங்கே வந்த முதல் கதையில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 59623 என்ற கைதி எண் இருந்தது. அதை அடுத்து வந்த தீ விபத்துக் கதையின் நாயகன் யாரையும் காப்பாற்றுவதில்லை. உள்ளே போய்த் தூக்கி வா என்கிறார்கள், அவனால் முடியவில்லை. புல்தரையில் வரிசையாகக் கிடத்திய பிணங்களுக்கு நடுவே மரத்துப்போய் அலைகிறான். அவனை வீரனாக்கியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும். வெளியே வருவதற்கு நற்பெயர் தேடிக்கொண்டிருந்த கைதி, தன் சாயலில் ஓர் ஆளை இப்படிக் கையாலாகாதவனாக நிறுத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நான் எழுதும் கதாநாயகன் அதிகமாக வீரம் காட்டத் தொடங்கும்போதெல்லாம் அந்தச் சிறை முற்றம் என்னை நிறுத்தியிருக்கிறது.

ஹைம்ஸ் ஐயா, உங்கள் தோல்விகளுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். விடுதலையாகி லாஸ் ஏஞ்சலிஸ் போய், போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை மாற்றி வேலை பார்த்து எழுதிய ‘இஃப் ஹி ஹாலர்ஸ் லெட் ஹிம் கோ’ 1945-ல் வந்தது. கப்பல் கட்டும் தளத்தில் மேற்பார்வை பார்க்கும் பாப் ஜோன்ஸ் ஒவ்வொரு நாளும் பயத்தோடு கண்விழிப்பதை எழுதினீர்கள். அடுத்து 1947-ல் ‘லோன்லி குருசேட்’. அதை இடதுசாரிகளும் திட்டினார்கள், வலதுசாரிகளும் திட்டினார்கள், கறுப்பினப் பத்திரிகைகளும் திட்டின. மறுபடி சுமை தூக்கினீர்கள், பிறர் வீட்டுக்குக் காவல் இருந்தீர்கள். 1953-ல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டீர்கள். எல்லாப் பக்கமும் கதவடைத்த பிறகும் எழுதுவதை விடாதவர் என்ற ஒரு காரணத்துக்காகவே உங்கள் படத்தை என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

ஹைம்ஸ் ஐயா, பாரிஸில் மார்செல் துஹாமெல் உங்களை மடக்கிய அந்த 1956-க்குத்தான் என் வாழ்க்கை கடன்பட்டிருக்கிறது. காலிமார் பதிப்பகத்தின் ‘சேரி நுவார்’ வரிசைக்கு அவர் ஆசிரியர். உங்கள் முதல் நாவலைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவரும் அவரே. துப்பறியும் நாவல் எழுதித் தாருங்கள் என்றார். எழுதத் தெரியாதே என்றீர்கள். ஒருவன் ஏதாவது செய்வதிலிருந்து ஆரம்பியுங்கள், அவன் என்ன நினைக்கிறான் என்பதை விடுங்கள், சினிமாவைப் போலப் படம் படமாக நகர்த்துங்கள், பேசவிடுங்கள் என்றார் அவர். கையில் காசில்லாத நேரம், முன்பணம் வந்தது, உட்கார்ந்தீர்கள். முதற் பக்கங்களைப் படித்த துஹாமெலுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் போலீஸ்காரர்கள் எங்கே, போலீஸ் இல்லாமல் போலீஸ் நாவலா என்று கேட்டாராம். உலகப் புகழ் பெற்ற இரண்டு துப்பறிவாளர்கள் இப்படிப் பதிப்பாசிரியர் கேட்டதற்காகப் பாதி வழியில் கதைக்குள் ஏறியவர்கள்! கட்டளைக்கு எழுதுவதில் கேவலம் எதுவும் இல்லை என்பதை எனக்கு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நீங்கள் செய்து காட்டினீர்கள். 1958-ல் அந்த நாவலின் பிரெஞ்சு வடிவத்துக்குப் பிரான்சின் பெரிய குற்றப்புனைவு விருது கிடைத்தது. ழான் ஜியோனோவும் ழான் காக்தோவும் கொண்டாடினார்கள்.

ஹைம்ஸ் ஐயா, அந்த நாவலின் அடுப்படிக் காட்சியைப் பற்றி உங்களிடம் நெடுநேரம் பேச ஆசை. இன்று ‘எ ரேஜ் இன் ஹார்லெம்’ என்ற பெயரில் கிடைக்கிறது. பிணச்சடங்கு நிறுவனம் நடத்தும் முதலாளியிடம் வேலை பார்க்கும் ஜாக்சன், பக்திமான், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முழுவதையும் பத்து டாலர் நோட்டுகளாக எடுத்து வந்திருக்கிறான். அவற்றை ரசாயனக் காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுருட்டி, அடுப்புக்குள் வைத்துச் சுட்டு, நூறு டாலர் நோட்டுகளாக எடுத்துத் தருவதாக ஒரு கும்பல் சொல்லியிருக்கிறது. அடுப்பு வெடிக்கிறது, புகைக்குள் போலி அதிகாரி ஒருவன் நுழைகிறான், ஏமாற்றியவர்களும் காதலி இமாபெல்லும் காணாமல் போகிறார்கள், ஜாக்சன் மட்டும் அகப்படுகிறான். அவனைத் தப்பவிட அந்த அதிகாரி லஞ்சம் கேட்க, முதலாளியின் பணத்தில் கைவைக்கிறான். எங்கள் ஊர் நாளிதழ்களிலும் நோட்டை இரட்டிப்பாக்கும் கும்பல்களின் செய்தி நின்றபாடில்லை. ஏமாந்தவரைப் பார்த்துப் பேராசை என்று நாங்கள் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். நீங்கள் புரட்டவில்லை. நேர்வழியில் உழைத்தால் பத்து டாலர் எந்தக் காலத்திலும் நூறு டாலராகாது என்று நன்றாகத் தெரிந்த ஊரில், அடுப்பை நம்புகிறவன் முட்டாள் இல்லை என்று காட்டினீர்கள். ஜாக்சனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கும்போதே அவனை யாராவது அடித்துவிடுவார்களோ என்று பதறவும் வைக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று அந்த அத்தியாயத்தைக் கையாலேயே எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஹைம்ஸ் ஐயா, ஜாக்சனின் சகோதரன் கோல்டியையும் விட்டுவிட முடியாது. கன்னியாஸ்திரீ உடையில் 125-ஆம் தெருவில் பெரிய கடை வாசலில் நின்று சொர்க்கத்துக்கு நுழைவுச்சீட்டு விற்பவன். அவன் செத்த பிறகு அந்த உடலைச் சுமந்த பிணவண்டியைத் தெரியாமலே ஜாக்சன் ஓட்டிக்கொண்டு சந்தைக் கடைகளை இடித்துத் தள்ளி விரைகிறான். ‘த கிரேஸி கில்’ நாவலில் துக்க வீட்டு ஜன்னலிலிருந்து விழும் பாதிரியார் ரொட்டிக்கூடைக்குள் விழுந்து பிழைக்கிறார். சாவும் சாப்பாடும் சாமியும் ஒரே தெருவில் இடித்துக்கொண்டு நிற்கும் ஊரில் வளர்ந்த எனக்கு, இதெல்லாம் மிகையாகத் தோன்றியதே இல்லை.

ஹைம்ஸ் ஐயா, காஃபின் எட் ஜான்சனுக்கும் கிரேவ் டிக்கர் ஜோன்ஸுக்கும் தனியாக ஒரு வணக்கம். சவப்பெட்டி, புதைகுழி என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் இரண்டு கறுப்பினத் துப்பறிவாளர்கள். நிக்கல் பூசிய நீண்ட குழல் துப்பாக்கிகள். நசுங்கிய கறுப்புக் கார். நடன அரங்கு வாசலில் கூட்டத்தை வரிசையில் நிற்க வைக்கிறவர்களாகத்தான் அவர்களை முதலில் பார்க்கிறோம். தெருவில் இருப்பவர்களுக்கு அவர்கள் வெள்ளைக்காரன் சட்டத்தின் கையாட்கள். காவல் நிலையத்தில் வெள்ளை அதிகாரிகளுக்கு எப்போதும் கீழே இருக்க வேண்டியவர்கள். இருபக்கமும் நம்பிக்கை இல்லை. வேலையை மட்டும் செய்தாக வேண்டும். முதல் நாவலில் காஃபின் எட்டின் முகத்தில் அமிலம் வீசப்படுகிறது. அடுத்த நாவலான ‘த ரியல் கூல் கில்லர்ஸ்’ஸில் விடலைப் பையன் ஒருவன் விளையாட்டாக அவர்மீது வாசனைத் திரவியத்தைத் தெளிக்க, அமிலம் என்று பதறிச் சுட்டுவிடுகிறார். பையன் செத்துப்போகிறான். தொடர்கதை எழுதுகிறவர்கள் சென்ற மாதத்துக் காயத்தை இந்த மாதம் மறந்துவிடுவதுதான் வழக்கம். நானும் பல நாயகர்களைச் சுட்டுச் சாய்த்து அடுத்த இதழில் துள்ளி எழுந்து ஓட வைக்கும் தொழிலில் இருப்பவன். அடிபட்டவன் கையிலிருக்கும் அதிகாரம் யார்மேல் போய் விழும் என்பதை அந்தப் பையனின் பிணத்தை வைத்துச் சொன்னீர்கள். காயத்துக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்பதை உங்களிடம்தான் படித்தேன்.

ஹைம்ஸ் ஐயா, 87,000 டாலருக்கு நன்றி. ‘காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்’ நாவலில் ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, 87 குடும்பங்களிடம் குடும்பத்துக்கு ஆயிரம் டாலர் வசூலிக்கிறான் ஒரு போலிப் பாதிரி. கொள்ளையர் புகுந்து அதையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பணம் ஒரு பருத்திப் பொதிக்குள் போய் மாட்டுகிறது. எந்தப் பருத்தியைப் பறித்துப் பறித்து அந்த மக்களின் முன்னோர்கள் செத்தார்களோ, அதே பருத்தி! வழக்கமான கதையென்றால் குற்றவாளியைப் பிடித்ததும் திரை விழுந்துவிடும். உங்கள் துப்பறிவாளர்கள் இருவரும் அதோடு விடுவதில்லை. கொள்ளைக்குப் பின்னாலிருக்கும் தென்மாநிலத்துக் கர்னலை மடக்கி, அந்த 87 குடும்பங்களுக்கும் அவரையே 87,000 டாலர் கொடுக்க வைத்து, ஓடிப்போக விடுகிறார்கள். சிறைக்கு அனுப்பினால் குடும்பங்களுக்கு என்ன கிடைக்கும்? உண்மையான பணமோ, குப்பை பொறுக்கும் கிழவர் அங்கிள் பட் கைக்குக் கிடைத்து, அவர் ஆப்பிரிக்காவுக்கே போய் மாடு வாங்கிவிட்டார். இதைவிட நிறைவான முடிவை நான் எந்தத் துப்பறியும் நாவலிலும் படித்ததில்லை. சீட்டுக் கம்பெனி மூடிப்போய் வாசலில் நின்று கதறும் பெண்களைப் பற்றி எழுதியபோது, அவர்கள் கேட்பது கைது அல்ல, பணம்தான் என்று எனக்குப் புரிய வைத்தது இந்த முடிவு.

ஹைம்ஸ் ஐயா, ஹார்லெமில் நீங்கள் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். பாரிஸிலும் ஸ்பெயினிலும் உட்கார்ந்து, அங்கே திரும்பிப் போக மனமில்லாமல், நினைவிலிருந்து அந்த ஊரைக் கட்டினீர்கள். அது உண்மையான ஹார்லெம் என்று நீங்களே உரிமை கொண்டாடவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் பன்றி வறுவல் மணக்கிறது, பனிக்காலத் தெரு வழுக்குகிறது, சவரக்கடையில் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். விட்டு வந்த ஊரின் மீதிருக்கும் கோபத்துக்கும் ஏக்கத்துக்கும் இவ்வளவு நுணுக்கமான ஞாபகசக்தி உண்டு என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

ஹைம்ஸ் ஐயா, 1969-ல் வந்த ‘பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்’ நாவலுக்கு நன்றி சொல்லக் குரல் எழவில்லை. இங்கே எட்டும் டிக்கரும் எந்த வழக்கையும் முடிப்பதில்லை. விசாரணை தொடங்குகிறது, மேலிடம் நிறுத்துகிறது, ஊர்வலங்கள் மோதுகின்றன, கடைசியில் இடிக்கப்படும் கட்டடங்களிலிருந்து ஓடும் எலிகளைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவு பெரிய துப்பறிவாளர்கள். சுரங்க ரயிலில் பார்வையற்ற ஒருவன் தன்னை அவமதித்தவனைச் சுடப் போய் வேறு யாரையோ சுடுகிறான். நண்பர் ஒருவர் சொன்ன சம்பவத்திலிருந்து இந்த நாவல் பிறந்தது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். இருந்தாலும் பார்வை இழந்த அண்ணன், கைப்பைக்குள் இல்லாத துப்பாக்கி, அவமதித்த வாசல் எல்லாம் அந்தத் தலைப்பில் ஒன்றாக வந்து நிற்பதாகவே எனக்குப் படுகிறது. அண்ணன் ஜோசப் படித்துப் பட்டம் பெற்று மதிக்கப்பட்ட சமூகவியலாளர் ஆனார். அவர் யாரையும் சுடவில்லை. சுட வேண்டியதையெல்லாம் நீங்கள் எழுத்தில் சுட்டீர்கள். புதிரை அவிழ்க்காமலே ஒரு குற்றக்கதையை முடிக்கலாம், அவிழ்க்க முடியாது என்பதே உண்மையாக இருந்தால் முடித்தே ஆக வேண்டும் என்ற தைரியத்தை எனக்கு அந்த நாவல் தந்தது.

ஹைம்ஸ் ஐயா, நன்றி சொல்லும் இடத்தில் ஒன்றை மறைத்தால் அது நன்றியாகாது. நேசித்த பெண்களை நீங்கள் அடித்திருக்கிறீர்கள். உங்கள் தன்வரலாற்றில் நீங்களே எழுதிய பக்கங்கள் அவை. உங்கள் நாவல்களில் பெண்களின் உடல்மீது விழும் அடிகள் சிலவற்றை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. நீங்கள் பட்ட வலி அதற்கு விளக்கமாகலாம், நியாயமாகாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கடன்களை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடைசிக் காலத்தில், பக்கவாதத்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் நடுவே, உங்களோடு இருந்து பக்கங்களைத் தட்டச்சு செய்து தாங்கிய உங்கள் மனைவி லெஸ்லி அம்மையாருக்கும் உங்கள் வாசகர்கள் அனைவரும் கடன்பட்டவர்களே.

ஹைம்ஸ் ஐயா, நீங்கள் போன பிறகு நடந்தவற்றில் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்சன் கதை 1991-ல் படமாக வந்துவிட்டது. உங்களுக்குப் பிறகு வந்த கறுப்பினக் குற்றக்கதை எழுத்தாளர்களில் பெரும்புகழ் பெற்ற வால்டர் மோஸ்லி, உங்களை முன்னோடியாக மதிக்கிறார். லாரன்ஸ் ஜாக்சன் எழுதிய உங்கள் வாழ்க்கை வரலாறு, அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர்கள் தரும் எட்கர் விருதை 2018-ல் பெற்றது. இன்னொரு செய்திக்கு நீங்கள் நிச்சயம் மகிழ்வீர்கள். முப்பதுகளில் நீங்கள் எழுதத் தொடங்கிய சிறை நாவலை 1952-ல் ‘காஸ்ட் த ஃபர்ஸ்ட் ஸ்டோன்’ என்று வெளியிட்டபோது எவ்வளவு வெட்டினார்கள், படர்க்கையில் எழுதியதைத் தன்மைக்கு மாற்றி, இரண்டு கைதிகளுக்கு இடையிலான அன்பை எவ்வளவு சுருக்கினார்கள்! 1998-ல் அது நீங்கள் எழுதிய வடிவிலேயே ‘எஸ்டர்டே வில் மேக் யூ கிரை’ என்ற பெயரில் வெளிவந்துவிட்டது. வெட்டிய அத்தியாயங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த அன்பும் இருக்கிறது. நான் முழுவதும் படித்தேன், ஐயா.

உங்கள் வாசகன்